செல்லம்மாவுக்கு வந்தது

இன்று மாத்தளையிலிருந்து ரத்தோட்டை போகும் பஸ்ஸில், தன் இடது காலை இரு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் செல்லம்மா.

"இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சுங்க. மாத்தி வைக்க இப்ப இருக்கிற சாமானும் சீக்கிரம் தேஞ்சுருமாம். லேசுல தேயாத பிளாஸ்டிக்கு சீமையில செஞ்சிருக்காங்க, வரட்டும்னாரு டாக்டர்."

காலையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று, "செல்லம்மா, ஒனக்கு வந்துருச்சு!" என்று கத்தினாராம். இவர் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

"இன்னும் வரலம்மான்னு டாக்டர் அனுப்பிட்டாருங்க. கணக்கப்பிள்ளை பொய் சொல்வாரா?"

இப்போதெல்லாம் லயங்களில் 'வந்துருச்சு' என்றால், இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிவிடும் பாஸ்போர்ட் ஒன்றுதான்.

"இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தீங்களாம்மா?"

"மகன்தான் எல்லாருக்கும் சேத்துப் போட்டான்..."

சொல்லும்போதே, வந்தது எது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

இறங்கும்போது கேட்டார்: "அந்தப் பிளாஸ்டிக்கு வந்தா, டாக்டர் என்னய எங்க போய்த் தேடுவாருங்க?"

மருந்துக்குத் தெரியாத லயத்து வழி பாஸ்போர்ட்டுக்கு மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ! யாருக்காவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.