ஊர் கூடித் திறந்த பானை

சென்ற கிழமை தோப்பூரில் ஒரு பானையைப் பார்க்க ஊர் திரண்டது. பொற்பானை அல்ல. வெறும் மண்பானை... அதுவும் விளிம்பு உடைந்தது.

இந்த உலக யுத்த காலத்தில் சனம் அரிசிக்குத் திரளும், மண்ணெண்ணெய்க்குத் திரளும். பானைக்கு ஏன் திரண்டது? சொல்கிறேன்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் — சித்திரையில் திருகோணமலையில் குண்டு விழுந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடம் குடிபெயர்ந்துவிட்டது. வள்ளத்தில் மூதூர், அங்கிருந்து மாட்டு வண்டியில் தோப்பூர். ஊர் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் ஹனிபா என்ற வயல்காரர் தன் நெல்லுக் களஞ்சியத்தைக் காலியாக்கித் தந்தார். பிள்ளைகள் இருக்கிறார்கள். கரும்பலகை இருக்கிறது. புத்தகங்களும் தேசப்படங்களும்தான் பட்டணத்திலேயே நின்றுவிட்டன.

சரித்திரப் பாடம் என் பொறுப்பு. புத்தகம் இல்லாமல் சரித்திரம் படிப்பிக்கலாமா? தாராளமாக. ராசாக்களின் பெயரை வரிசையாகச் சொன்னால் போதும். பிள்ளைகளும் வரிசையாகக் கொட்டாவி விடுவார்கள்.

பள்ளிக்கூடம் எங்கே போனாலும் பதுங்கு குழி வெட்ட வேண்டும் என்பது உத்தரவு. களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்த மணல் மேட்டில் வெட்டத் தொடங்கினார்கள். இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டி எதிலோ பட்டது. ஒரு பெரிய பானையின் வாய். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் மேலே தட்டையான கல் மூடி.

நான் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கொழும்பு நூதனசாலையில் இதே மாதிரி ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைக்கிற தாழி. மிக மிகப் பழையது. அங்கே தொடக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். இங்கே என் முழங்கால் அதில் முட்டிக்கொண்டு நின்றது.

ரேடியோச் செய்தி இந்த ஊருக்கு மறுநாள்தான் வந்து சேரும். ஆனால் "பொன் பானை கிடைச்சிட்டுதாம்" என்ற கதை மத்தியானச் சோற்றுக்கு முன்னமே சந்தைக்குப் போய்விட்டது. புதையல் காக்கிற நாகம் ஒன்றும் கூடவே போயிருந்தது. அதைப் பார்த்தவர்கள்கூட இருந்தார்கள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒரு பானை உடைந்து கிடந்தது.

யாரோ மண்வெட்டியால் அடித்திருக்கிறார்கள். ஓடுகள் சிதறி, மண்ணுக்குள் எலும்புத் துண்டுகள் தெரிந்தன. சிவப்பு மணிகள் சில. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனையோ மழையையும் வெள்ளத்தையும் தாங்கிய பானை — ஒரு வதந்தியைத் தாங்க முடியவில்லை.

ஹனிபா காக்கா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மூடிப்போடுவம் ரீச்சர். இண்டைக்கே மூடிப்போடுவம். எங்கட அவுலியா, பெரிய மகான் ஒருத்தர் அடங்கின இடம் எண்டு எங்கட ஆக்கள் சொல்றாங்க. உங்கட ஆக்கள் கோயில் இருந்த இடம் எண்டு சொல்றாங்களாம். பிறகு இது பெரிய கரைச்சலா வரும்."

"மூடினா கரைச்சல் போயிடுமோ காக்கா? மூடினதைத்தான் ஆக்கள் திருப்பித் தோண்டுவினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"திறப்பம். எல்லாருக்கும் முன்னால."

அவர் சற்று யோசித்தார். "உள்ளுக்குப் பொன் இருந்தா?"

"இருந்தா எல்லாரும் பாப்பம்."

"இல்லாட்டி?"

"அதையும் எல்லாரும் பாப்பம்."

ஊர் அதிகாரியான விதானையாரிடம் போனேன். "மேலிடத்துக்கு அறிவிக்கிறன். ஆனா இந்தச் சண்டைக்குள்ள கொழும்பில இருந்து ஆர் வருவினம்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குள் மிச்சப் பானையும் போய்விடும் என்பது அவருக்கும் விளங்கியது. தானும் வந்து நிற்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் என்று சந்தையில் சொல்லிவிட்டோம். நான் நினைத்தது ஒரு வகுப்பளவு ஆட்களை. வந்தது ஊர். தோப்பூர் மட்டுமா... மூதூரிலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மரத்தில் ஏறியவர்கள் தனிப் பக்கம்.

முன்வரிசையில் ஒருவர் தோளில் மண்வெட்டியோடு நின்றார். செல்லத்துரை. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். குண்டுக்குப் பிறகு மனைவியோடு இங்கே உறவுக்காரர் வீட்டில் வந்து இருக்கிறார். யாரோடும் அதிகம் கதைக்க மாட்டார். பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பானைக்குள் பொன் இல்லை என்று நான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? ரீச்சர் சேலைக்குள் ஒளித்துவிட்டா என்பார்கள். பொன்னுக்காக வந்தவரே சொன்னால்?

"அண்ணை, மண்வெட்டியை வச்சிட்டு இதில வந்து இருங்கோ. நான் எடுத்துத் தாறதை வாங்கி, என்னெண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் எதிர்பார்க்கவில்லை. அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு இறங்கி வந்து சப்பாணி கட்டி இருந்தார்.

மூடிக் கல்லை நகர்த்தி, சிரட்டையால் மண்ணை மெல்ல மெல்ல அள்ளினேன்.

"மண்" என்றார் செல்லத்துரை. "மண்... திரும்பியும் மண்."

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பொன்னாசை பாதி கரைந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

"ஒரு சின்னக் கோப்பை. உள்ளுக்குக் கறுப்பு, வெளியில சிவப்பு."

"மணி. சிவப்பு மணி. பொன் இல்லை."

"இரும்பு. கத்தி போல. கறள் பிடிச்சிட்டுது."

அதற்குப் பிறகு நான் கொடுத்ததைக் கையில் வாங்கி அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் "என்ன, என்ன" என்று கேட்டார்கள்.

"எலும்பு" என்றார். குரல் இறங்கிவிட்டது.

தலையில் போட்டிருந்த துண்டை ஹனிபா காக்கா சரிசெய்தார். பெண்கள் பக்கம் கதை நின்றது. இதுதான் நேரம் என்று நினைத்து எல்லோரிடமும் கேட்டேன்: "செத்தவருக்குப் பக்கத்தில கோப்பையை ஏன் வச்சிருப்பினம்?"

முக்காடு போட்ட ஒரு பெண், யோசிக்காமலே பதில் சொன்னா: "பசிக்கும் எண்டுதான்."

நான் புத்தகத்தில் படித்தது ஒரு பக்கம். அவ சொன்னது ஒரே வரி. இரண்டும் ஒன்றுதான்.

"இவர் எங்கட ஆளா ரீச்சர், உங்கட ஆளா?" ஹனிபா காக்கா கேட்டுவிட்டார். ஊர் முழுவதும் மனதில் வைத்திருந்த கேள்வி அது.

"இவர் இருந்த காலத்தில இந்தக் கேள்வியே இருந்திருக்காது காக்கா. நாங்கள் எல்லாரும் இந்த ஊருக்குப் பேர் வைக்க முந்தியே இவர் இங்க இருந்தவர்."

சிலர் தலையாட்டினார்கள். சிலர் ஆட்டவில்லை. ஆனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு எலும்பை நடுவில் வைத்துக்கொண்டு குரலை உயர்த்துவது அவ்வளவு சுலபம் இல்லை.

செல்லத்துரை மட்டும் அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழு உடம்பும் உள்ளுக்கு இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. வேற இடத்தில கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து வச்சிருக்கினம் போல. கிடைச்சதைத்தான்."

"கிடைச்சது காணும், அது போதும் எண்டு நினைச்சிருக்கினம்."

"ஓம்."

அவர் எலும்பை மெல்ல மடியில் வைத்தார். பிறகு, அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னார்:

"என்ர தம்பி திருகோணமலைப் பக்கம் சீனன்குடாவில வேலை செய்தவன். குண்டு விழுந்த அண்டைக்குக் காலமை போனவன். பிறகு ஒண்டும் கிடைக்கேல்லை. தேடித் தேடிப் பாத்தனான், ஏலாமப் போச்சு. மனுசி கிரியை செய்வம் எண்டு கேட்டவ. என்னத்தை வச்சுச் செய்யிறது எண்டு நான் விடேல்லை." மூச்சு எடுத்துக்கொண்டார். "மற்றப் பானையை உடைச்சதும் நான்தான் ரீச்சர். இப்பிடி ஒருத்தர் உள்ளுக்கு இருக்கிறார் எண்டு தெரியாது."

நான் ஏச வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒரு ஆசிரியைக்கு இது அபூர்வம். கேட்டுப் பாருங்கள், என் மாணவிகள் சொல்வார்கள்.

"தம்பி உடுத்த சாரம் ஒண்டு வீட்டில கிடக்கு" என்றார் அவர். "அது காணுமோ?"

பதில் சொன்னது நான் இல்லை. குழிக்குள் இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் குந்திய ஹனிபா காக்கா.

"காணும் தம்பி" என்றார். "தாராளமாக் காணும்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடுத்ததை எல்லாம், எடுத்த வரிசைக்கு எதிராகத் திரும்பவும் பானைக்குள் வைத்தோம். உடைந்த பானையில் கிடந்த எலும்புகளையும் மணிகளையும் செல்லத்துரையே பொறுக்கி, ஒரு புதுப் பானை வாங்கி வந்து, அதற்குள் வைத்தார். விதானையார் முன்னிலையில் இரண்டையும் மண் போட்டு மூடி, மேலே கல் அடையாளம் வைத்தோம். சண்டை முடிந்து கொழும்பிலிருந்து யாராவது வந்தால் பார்த்துக்கொள்ளட்டும். பதுங்கு குழி களஞ்சியத்தின் மறுபக்கத்துக்குப் போனது. அதை வெட்டியவர்களில் செல்லத்துரையும் ஒருவர்.

திங்கட்கிழமை காலை அவரும் மனைவியும் கொட்டியாரக் குடாக் கரைக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் சீனன்குடாப் பக்கம் தெரியும். சாரத்தை மடித்து மணலில் வைத்து, வாழை இலையில் சோறு படைத்து, தம்பியின் பெயரைச் சொல்லி இருவரும் அழுதார்கள். நன்றாக அழுதார்கள். சித்திரையிலிருந்து அழாத அழுகை அது. திரும்பி நடக்கும்போது அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா.

உடைந்த பானையின் ஓடுகள் மட்டும் இப்போது என் வகுப்பில் ஒரு பாயில் இருக்கின்றன. தொடலாம். முகர்ந்துகூடப் பார்க்கலாம். பிள்ளைகள் ஒட்ட முயல்கிறார்கள், பொருந்தாதபோது சண்டை பிடிக்கிறார்கள். கொட்டாவி நின்றுவிட்டது.

பழமையைச் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்கப் பெரிய கட்டடம் வேண்டும், கண்ணாடி அலுமாரி வேண்டும், படித்தவர்கள் வந்து பிரசங்கம் செய்ய வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, கிடைத்தால் நல்லது. ஆனால் ஒளிக்காமல் திறந்து வைக்க மனம் வேண்டும். பிறகு ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம்.

நேற்றுச் சந்தையில் மூதூர்ப் பெண் ஒருத்தி என்னை மறித்தா. வாழைக்குக் குழி வெட்டும்போது அவவுடைய வீட்டு வளவில் பானை விளிம்பு ஒன்று தெரிந்ததாம். உடனே மேலே ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து வைத்தாவாம்.

"எங்கட வீட்டு ஆளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான் ரீச்சர்: உள்ளுக்கு ஆரோ படுத்திருக்கினம் போல, சத்தம் போடாதேங்கோ எண்டு."

இந்த வசனத்தை நான் யாருக்கும் படிப்பிக்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.