தவிட்டுக்கு வாங்கிய பெயர்

திண்டுக்கல்,
ஆவணி 14, சனிக்கிழமை, காலை மணி 9.10.

1. பொருள்: காலஞ்சென்ற பிச்சைமைதீன் ராவுத்தர் அவர்கள்.

நினைவு மலர்க் குழுவினருக்கு,

செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு அலைபேசி ஒலித்தது.

"அண்ணே, பிச்சை தவறிட்டாராமே. நீங்க இருக்கீகளா?"

என் பெயரும் பிச்சை. "இருக்கேன்யா. எந்தப் பிச்சை?" என்றேன். ராவுத்தர் என்று அவர் சொன்னதை நம்பவில்லை. நாகல் நகரில் அவர் வீட்டுக்கு ஆட்டோவில் சென்று முகத்தைப் பார்த்த பின்னரே நம்பினேன். ராவுத்தர்தான்.

முன்பிறந்த பிள்ளைகள் உயிர் தங்காத வீட்டில் அடுத்த ஆண்பிள்ளையை முறத்தில் இட்டு வேறொருவரிடம் கொடுப்பார்கள். அவர் ஒரு பிடி தவிடு தந்து வாங்கி, இனி அது தம் பிள்ளை, தமக்காக வளர்த்துத் தாருங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். சாவை ஏமாற்றும் ஏற்பாடு. அப்படிப் பெற்ற பிள்ளை பிச்சை. லாரி முதலாளி பிச்சைமுத்து, சிலம்ப வாத்தியார் பிச்சைக்கனி என எல்லா மதத்து வீடுகளிலும் எங்கள் பெயர்க்காரர் உண்டு.

தோல் வியாபாரியான ராவுத்தர் அழைத்த வீட்டுக்கெல்லாம் போய்ப் பிள்ளை வாங்குவார். விருந்துக்காகவோ என்று சந்தேகித்தேன். எங்குமே அவர் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் சந்தேகம் கூடியது. கேட்டேவிட்டேன்.

"எனக்கு முன்னால நாலு பேரை எங்கம்மா மண்ணுல வச்சுச்சு அப்பு. பக்கத்து வீட்டு மீனாட்சியம்மா வாங்கலேன்னா நான் ஏது? அந்த வீடுகள்ல பயந்துக்கிட்டே ஆக்குன சோறு, எப்படி எறங்கும்?"

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, அகரத்துப் பூ விவசாயி முருகேசன் நின்றிருந்தார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மூன்றாவதை ராவுத்தர் வெள்ளிக்கிழமை வாங்குவதாக இருந்தது.

"அவரே போயிட்டாரே. இந்தப் பேரு இனி ஆகுமா ஐயா?"

"அவருக்கு வயசு எண்பத்து நாலு. உம் புள்ளைக்கு அம்புட்டு போதாதா?"

"அப்ப நீங்களே வாங்கிக்கிருங்க."

நேற்றுப் போனேன். பிள்ளையின் தாய் முறத்தை விடாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"சுகர் மட்டுந்தான் தாயி."

"சுகரா?"

"ராவுத்தருக்கும் இருந்துச்சு. இருபது வருசமா அதோடதான் கடைக்கு நடந்தாரு."

முறத்திலிருந்து கையை எடுத்தார். தவிட்டைக் கொடுத்து, "இது எம் புள்ள. எனக்காக வளத்துக் குடுங்க," என்றேன். பிள்ளை என் சட்டையை நனைத்தான்.

ராவுத்தரே, வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. நிம்மதியாக உறங்குங்கள்.

2. இணைப்பு: ராவுத்தர் அவர்களின் படம் ஒன்று. அகரத்துப் பிள்ளையின் படம் ஒன்று. இரண்டின் பின்புறமும் 'பிச்சை' என்றே எழுதியுள்ளேன். தவறென்று எண்ணி அச்சகத்தார் எவரும் திருத்திவிட வேண்டாம்.