சோஸ்ட் அருகே உழாத பாதி வயல்

கோதுமை வயலைப் பார்க்க யாராவது விடுமுறையைச் செலவிடுவார்களா என்று ஜெர்மனியில் நான் இருக்கும் டோர்ட்மண்டில் என்னைக் கேட்டார்கள். அரண்மனைகளில் கால் கடுக்க நிற்பதைவிட இது மேல். 2007 ஆகஸ்ட் தொடக்கத்தில், அறுவடைக்குச் சற்று முன்பு, மாமன் மகள் ரதியிடம் போனேன்.

ஜெர்மானிய விவசாயியை மணந்த ரதி, கணவர் இறந்தபின் மாமனார் ஹைன்ரிஹுடன் நிலத்தைப் பார்க்கிறாள். இளவேனில் கோதுமையை உழுது விதைப்பதா, முந்தைய பயிரின் தாளைக் கலைக்காமல் அப்படியே விதைப்பதா என்று இருவருக்கும் ஓயாத வழக்கு. ஒரே வயலில் பாதியை அவர் உழுதார். மறுபாதியில் அவள் உழாமல் விதைத்தாள். அவள் பாதி தோற்றால் இலையுதிர் காலத்தில் நிலம் முழுவதும் உழப்படும். நான் வேளாண்மை படித்தவள் என்பதால் தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்திருந்தாள்.

டோர்ட்மண்டிலிருந்து சோஸ்ட் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ரயிலில் முக்கால் மணி நேரம். பிறகு பேருந்து, வயலோரத்திலேயே நிறுத்தம்.

உழுத பாதி முந்தி முளைத்திருக்கிறது. ஆனால் ஏப்ரலில் மழை பொய்த்து மேல்மண் காய்ந்ததால் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டவில்லை. உழாத பாதி குளிர்ந்த மண்ணில் பிந்தி முளைத்தாலும், தாள் காத்த ஈரத்தில் நன்கு தூர் கட்டி, நீண்ட கதிர்களோடு நின்றது.

"எப்பிடி மச்சாள்? சொல்லுங்கோவன்," என்றாள் ரதி.

"பொறு. உன்ர பக்கத்திலை முள்ளுச்செடி எங்கை?"

உழாத நிலத்தில் களை மண்டுவது வழக்கம். அவள் பாதியில் ஒன்றுமில்லை. உழுத பாதியில்தான் முட்செடிகள் ஊதாவாகப் பூத்திருந்தன.

"நீ பிடுங்கினனியோ?"

"எனக்கு எங்கை நேரம்? மருந்தும் அடிக்கேல்லை."

வேலிப் புதருக்குப் பின்னால் காய்ந்த முட்செடிக் குவியல் கிடந்தது. அதன்மேல் ஹைன்ரிஹின் தோல் கையுறைகள். ரதி அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்தபடி ஜெர்மனில் முணுமுணுத்தார்.

"பிந்தி முளைச்சதைப் பாக்க ஏலாமல் களை பிடுங்கினவராம்," என்றாள் ரதி. "ஒவ்வொரு நாளும் உலாத்தப் போறன் எண்டு சொல்லிப்போட்டு இஞ்சைதான் நிண்டிருக்கிறார், மச்சாள்."

"நல்ல மனுசன்தான். ஆனா சோதனையைப் பழுதாக்கிப்போட்டார். ஒரு பாதிக்கு மட்டும் களை பிடுங்கினால், விளைஞ்சது எதாலை எண்டு ஆருக்குத் தெரியும்? தீர்ப்பு இல்லை."

அவள் மொழிபெயர்த்தாள். கிழவர் பதில் சொன்னார்.

"அடுத்த வருசமும் பாதி பாதியாம். தான் தொடமாட்டாராம்."

"நம்பிறியோ?"

"இல்லை."

போக விரும்புவோர் சனிக்கிழமை போங்கள். ஞாயிறன்று பேருந்தை நம்ப ஏலாது. மூடிய காலணி அணியுங்கள். கதிரை ஒடித்துப் பார்க்காதீர்கள். வறண்ட இளவேனிலில் உழாத மண் ஈரம் காக்கும் என்பது என் கருத்து. இந்த வயலை மட்டும் அதற்குச் சான்றாகக் காட்டாதீர்கள்.

பேருந்து கிளம்பியபோது ரதி, ஹைன்ரிஹின் கையுறைகளை மாட்டிக்கொண்டு, அவருடைய பாதிக்குள் இறங்கி முட்செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டுச் சோதனைக்கும் நான் பொறுப்பேற்பதாக இல்லை.