ஜேர்மன்காரன் கட்டின எஞ்சின்

சாரங்காவுக்கு முப்பத்தாறு வயது. ஜேர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு கார் திருத்தகத்தில் அவள்தான் மைஸ்ரர், தலைமை மெக்கானிக். அங்கே வேலை செய்கிற ஏழு ஆம்பிளைகளும் ஒரு எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு முழிசினால், கடைசியில் அவளைத்தான் கூப்பிடவேண்டும். ஆனால் ஹம்மில் எந்தத் தமிழ்க் கல்யாண வீட்டிலாவது போய்க் கேட்டுப் பாருங்கோ, பரராசசிங்கத்தாரின் மகளுக்கு என்ன வேலை என்று. "கொம்பனியில இஞ்சினியர்" என்பார்கள். தகப்பன் அப்படித்தான் இருபது வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

பதினாறு வயதில், கார் மெக்கானிக் ஆவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, செய்யப்போகிறேன் என்று அவள் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, மனிசன் மூன்று மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பித் தொழிற்சாலையில் தான் நின்று கால் வீங்கியது மகள் எண்ணெய்க்குள் கிடக்கவோ என்று தாய் கமலநாயகியிடம் கத்தினார். பிறகு பேசினார், பொய்யையும் தொடங்கினார். கல்யாணப் பேச்சுக்குக் கொடுத்த குறிப்பிலும் இஞ்சினியர்தான். ஒருமுறை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போது சாரங்காவின் நகத்தைப் பார்த்தா. நல்லாய்த்தான் பார்த்தா. அந்தப் பேச்சு அத்தோடு சரி. தகப்பன் ஏசியது மகளைத்தான்: "கொஞ்சம் தேய்ச்சுக் கழுவியிருக்கலாம்தானே?"

அப்படிப்பட்ட மனிசனுக்குக் கார்ப் பைத்தியம். சிரிப்பு வரவில்லையா உங்களுக்கு? சாரங்காவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர் செத்தபிறகு, அவருடைய மனைவியிடம் வாங்கிய எழுபத்தோராம் ஆண்டு மஸ்ராங் என்கிற அமெரிக்கக் கார் பதினைந்து வருஷமாக வாடகைக் கராஜில் கிடந்தது. நீளமான மூக்கு, கடும் பச்சை நிறம். எஞ்சின் மட்டும் செத்துப்போய்விட்டது. ஒரு பனிக்காலத்தில் பரராசசிங்கத்தார் உறையாத திரவம் விடாமல் வெறும் தண்ணீரை விட்டு வைக்க, அது உறைந்து எஞ்சினை வெடிக்கப்பண்ணிவிட்டது. போன வருஷம் பென்சன் கிடைத்ததும் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். பக்கத்து ஊன்ட்றொப்பில் இருக்கிற காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு, ஊர் பார்க்க, அந்தக் காரில் போய் இறங்கவேண்டும்.

சாரங்காவுக்கும் ஒரு ஆசை இருந்தது. அவள் அதை வெளியில் சொல்லவில்லை. தேரடியில் நாலு பேருக்கு முன்னால் "இது என்ர மகள் கட்டின எஞ்சின்" என்று அந்த வாயால் ஒருமுறை சொல்லவேண்டும். ஒரு தரம் போதும்.

எந்த எஞ்சினைப் போடுவது என்று ஒரு ஞாயிறு வீட்டில் பேச்சு நடந்தது. ஹம்பேர்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற, தகப்பனின் சிநேகிதர் மகேந்திரராஜா வந்திருந்தார். அவர் தன் போனில் ஒரு புது அமெரிக்க எஞ்சினைக் காட்டினார், கொம்பியூட்டர் எல்லாம் வைத்தது.

"அண்ணை, நானூறு குதிரை. மிதிச்சியள் எண்டால் ஊன்ட்றொப்பில நிக்க மாட்டியள், பேர்லினிலதான் நிப்பியள்!"

தகப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"வேண்டாம் அப்பா," என்றாள் சாரங்கா. "அந்த இழுவைக்கு இந்தக் காரின்ர பிரேக் காணாது. பழைய காருக்குக் குடுக்கிற எச் நம்பர் பிளேற்றும் போயிடும். அதுக்கு அந்தக் காலத்து எஞ்சின்தான் இருக்கவேணும். எல்லையில ஒரு ஒல்லாந்துக்காரனிட்ட எழுபத்திரண்டாம் ஆண்டு எட்டுச் சிலிண்டர் ஒண்டு கிடக்கு. நான் போய்ப் பாத்தனான். பிரிச்சுக் கட்டினால் பொன்."

"நீ கொஞ்சம் சும்மா இரு பிள்ளை. ஆம்பிளையள் கதைக்கினம்."

அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். ஏழு பேருக்கு வேலை சொல்லுகிறவள், அங்கே நின்று வெங்காயம் உரித்தாள். கண்ணெரிவுக்கு ஒரு காரணமாவது கிடைத்தது.

அடுத்த கிழமை தகப்பன், காரைப் பரிசோதித்துப் பத்திரம் கொடுக்கிற ஒரு ஜேர்மன்காரரிடம் ரெர்மீன் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போனார். திரும்பி வந்தவரின் முகத்தில் ஞானம் பொங்கியது.

"பிரேக் காணாதாம். நம்பர் பிளேற்றும் போயிடுமாம். அந்தக் காலத்து எஞ்சின்தான் போடவேணுமாம். பாத்தியளே? படிச்சவன் படிச்சவன்தான்."

கமலநாயகி மகளைப் பார்த்தா. மகள் தாயைப் பார்க்கவில்லை.

"ஓம் அப்பா," என்றாள். "நல்ல மனிசன்."

நாலு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், வேலை முடிந்து வெறிச்சோடிய திருத்தகத்தில் அவள் தனியே, ஒல்லாந்துக்காரனிடம் வாங்கிவந்த அந்த எஞ்சினைப் பிரித்துக் கட்டினாள். ஒவ்வொரு வால்வையும் தன் கையால் தேய்த்தாள். முதல் தரம் அது உறுமிப் பிடித்தபோது தகப்பனும் பக்கத்தில் நின்றார். கண் கலங்கினார். "அம்மாளாச்சி!" என்றார். அம்மாளாச்சிக்குத்தான் நன்றி. மகள் கை துடைக்கத் துணி தேடினாள்.

சாவியைக் கொடுக்கும்போது அவள் சொன்னாள், "சூடாய் நிண்டு பிடிக்காட்டி பெற்றோல் பெடலை அமத்தி அமத்தி விடாதேங்கோ அப்பா. ஒரேயடியாய் அடிமட்டும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணுங்கோ." "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டார்.

தேரன்று முப்பத்திரண்டு பாகை வெயில். சனமென்றால் சனம். பட்டு வேட்டியோடு பரராசசிங்கத்தார் காரை விட்டு இறங்க, ஆம்பிளைகள் சுற்றிக்கொண்டார்கள். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் மினுங்கியது.

"ஆர் அண்ணை கட்டினது?" என்று கேட்டார் சுவாமிநாதன். கோயிலில் சாமி தூக்குகிறவர்.

சாரங்கா நாலடி தள்ளிச் சேலையோடு நின்றாள். தன்னையறியாமல் ஒரு அடி முன்னுக்கு வைத்தாள். வெட்கக்கேடு, முப்பத்தாறு வயதில்!

"ஒரு ஜேர்மன்காரன்," என்றார் தகப்பன். "கெட்டிக்காரன். எங்கட ஆக்களுக்கு இது ஏலாது." பிறகு அவளைக் கண்டார். "இவ மகள். கொம்பனியில இஞ்சினியர்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வெறுத்துப்போனது, அவ்வளவுதான்.

தேர் சுற்றி வந்து, சோறு சாப்பிட்டு, வெளிக்கிட ஏறினால் கார் பிடிக்கவில்லை. வெயிலுக்குள் நின்று சூடேறியிருந்தது. அவர் பெடலை அமத்தி அமத்தி விட்டார். பெற்றோல் மேவி நாறியது. சனம் திரும்பிப் பார்த்தது. வேர்த்து ஒழுக, அவர் கண்ணாடிக்குள்ளால் மகளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "வா பிள்ளை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியிருப்பாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சுவாமி, ஆக்களைக் கூப்பிடும். தள்ளினால் பிடிக்கும்!"

ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அது ஓட்டோமற்றிக் கியர் கார். ஆறு பேரல்ல, அறுபது பேர் தள்ளினாலும் எஞ்சின் பிடிக்காது.

"போய்ச் சொல்லன் பிள்ளை," என்றா கமலநாயகி.

"அவர் கேக்கட்டும் அம்மா."

"அவர் கேக்க மாட்டாரடி."

"அப்ப தள்ளட்டும்."