ஹாப்ஸ் கொடிக்கு ஏது தீட்டு?

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையில் ஒரு டிஷ்யூ கல்ச்சர் லேபில் வேலை பார்த்தேன். அந்த நாளை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பீரில் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் கொடிக்கு பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. சின்னச் சின்னத் துண்டுகளை ஜெல்லி போன்ற கலவையில் நட்டு, கண்ணாடி பாட்டிலில் வளர்ப்போம். முதல் கலவையில் தளிர் பெருகுவதற்கு ஒரு ஹார்மோன், அடுத்த கலவையில் வேர் விடுவதற்கு வேறொன்று. இரண்டையும் மேனேஜர் மட்டும்தான் கரைத்து வைப்பார். நமக்குத் தெரியக்கூடாத ரகசியமாம்! ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வேறு.

அடுத்த கலவைக்கு மாற்றி மூன்று வாரம் ஆகியும் வேரையே காணோம். தளிரெல்லாம் தண்ணீர் கோத்து, கண்ணாடி மாதிரி ஊதிக் கிடந்தது. மேனேஜர் எங்கள் நான்கு பெண்களையும் வரிசையில் நிறுத்தி, "தூரமா இருக்கறவங்க யாராச்சும் உள்ள போனீங்களா?" என்றார். மூன்று வாரத்துக்கு முன்பு நட்ட செடிக்கு இன்றைய தீட்டுக் கணக்கு! இவர் படித்தது அறிவியலாம்.

கெலமங்கலத்துப் பெண் ஒருத்தி, எங்களில் கைவேகம் அதிகமுள்ளவள், "நானு இன்னிக்கி தூரந்தான் சார்" என்று நிமிர்ந்து சொன்னாள். இனி வரவேண்டாம் என்று அப்போதே அனுப்பிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. எனக்கும் அன்று இரண்டாம் நாள். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பேசாமல் நின்றேன்.

அவள் போனதும் கெட்ட பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். பாட்டில் மூடியில் நட்டவர் நம்பர் எழுதியிருக்கும். கெட்டுப்போனதில் நாலு பேர் நம்பருமே இருந்தது. கொண்டுபோய்க் காட்டினால், "அவ எல்லாத்தையும் தொட்டிருப்பா" என்கிறார்! எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "அப்ப நீங்களே தலைக்குக் குளிச்சிட்டு வந்து பத்து பாட்டில் நடுங்க சார், பாப்போம்" என்றேன். வீம்புக்கு நட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், அவர் நட்ட பத்தும் அதேபோல ஊதிக் கிடந்தன. ஒன்றில்கூட வேர் இல்லை. அப்புறம்தான் ஃப்ரிட்ஜைத் திறந்து ஆராய்ந்தார். வேருக்கான பாட்டிலில் இருந்தது தளிர் ஹார்மோன். லேபிள் ஒட்டியது அவர் கை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

"சரி, அவள வரச் சொல்லு" என்றார், ஏதோ பிச்சை போடுவதுபோல. ஓடிப்போய்ச் சொன்னேன். வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"எல்லார் முன்னாலதான கேட்டாரு? தப்பு எம்மேலன்னு எல்லார் முன்னாலயும் சொல்லட்டுங்க்கா, வர்றேன்."

அவர் சொல்லவில்லை. அவளும் வரவில்லை. பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் அதைவிடக் குறைந்த கூலிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதமே நானும் நின்றுவிட்டேன்.

அன்று அவள் வாசலிலிருந்து நான் கிளம்பும்போது அவள் சொன்னதுதான் இன்னும் அறுக்கிறது. "அன்னிக்கி காலைல எங்கிட்டதான நாப்கின் வாங்கன? உம் பேரச் சொல்லணும்னு எனுக்குத் தோணவேல்லக்கா."

மேனேஜர்மேல் எனக்கு இருக்கும் கோபம் என்றைக்காவது ஆறிவிடும். அந்த வரிசையில் அவளுக்குப் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றவள்மேல் இருக்கும் கோபம் ஆறப்போவதில்லை.