வெறுங்கையோடு தீவுக்குப் போனவர்

சுருளிராஜன் அண்ணன் எந்த வேலையில் இறங்கும் முன்பும் சட்டைப்பையைக் காலி செய்துவிடுவார். பீடிக்கட்டு, தீப்பெட்டி, செல்போன், மோட்டார் அறைச் சாவி எல்லாவற்றையும் கரையில் வைத்துவிட்டுத்தான் வாய்க்காலுக்குள் கால் வைப்பார். கூடலூரில் எங்கள் பக்கத்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திருப்பிவிடுவது அவர் வேலை. மடைப் பலகையைக் குனிந்து தூக்கும்போது பையில் இருப்பது தண்ணீரில் விழும் என்பதால் வந்த பழக்கம் அது. நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்கு முதன்முதலாக வந்த அன்றும், என் மேசைமேல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

அது 2008. நான் எட்டாவதோடு நின்றவள். மெஷினைப் போடவும் அணைக்கவும் கடிகாரம் பார்த்துக் காசு வாங்கவும் பழகியிருந்தேன். வாசலோரம் என் நாற்காலி. அங்கிருந்து எல்லாத் திரைகளும் தெரியும்.

"ஏத்தா, எந்தம்பி இங்கன ஒக்காந்து என்னத்தத்தான் வெளாண்டான்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அண்ணனுக்கும் தம்பி முத்துக்கருப்பனுக்கும் பொதுக் கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் முறை. போன கோடையில் தம்பியின் முறை நாளில் அண்ணன் மோட்டாரைப் போட்டுத் தன் வாழைக்குப் பாய்ச்சிவிட்டார். ஒரு நாள்தானே என்று நினைத்திருக்கிறார். அடுத்த முறைக்குள் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கரண்ட் வருவதற்குள் தம்பியின் திராட்சைக் கொடியில் பிடித்திருந்த பிஞ்செல்லாம் சுருங்கி உதிர்ந்தது. ஊருக்கே முறை வைக்கிறவர் தன் கிணற்றில் முறை தப்பினார் என்பதைத் தம்பியால் பொறுக்க முடியவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டார். போனை எடுப்பதில்லை. நேரில் போனால் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்கிறார். எங்கள் கடையில் பழகிய இன்டர்நெட் விளையாட்டை மட்டும் அங்கேயும் விடவில்லை.

தம்பி இன்னும் விளையாடுகிறார் என்று சொன்னவன் ஏசுதாசன். ஏலத்தோட்ட ஆட்களைக் குமுளிப் பக்கம் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். டிரிப் இல்லாத நேரமெல்லாம் எங்கள் கடையில்தான் இருப்பான். அண்ணனுக்கு விளையாட்டைக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

அதில் ஊர்கள் இருந்தன. ஊருக்குள் யாரும் யாரையும் அடிக்க முடியாது. கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு தீவு. அங்கே யாரும் யாரையும் அடிக்கலாம். செத்தவன் ஊரில் திரும்ப எழுந்துவிடுவான். ஆனால் கையில் கொண்டுபோனதெல்லாம் அடித்தவனுக்கு. புதையல் இருப்பது அந்தத் தீவில் மட்டும்.

அண்ணனுக்கு இது விளங்கவில்லை. "ஏப்பா, இம்புட்டு எடம் கெடக்கு. அடிபடுற எடத்துல கொண்டுபோயி எதுக்குப் பொதச்சான்?"

"ஊருக்குள்ள பொதச்சா தோண்டிட்டுப் போயித் தூங்கிருவாக சேட்டா. அங்கன பொதச்சாத்தான் நாலு பேரு மொகம் பாப்பான்."

"அப்ப எந்தம்பி வருவானா?"

"தெனம் வருவான். ஒங்க தம்பி அங்கன பெரிய கொள்ளக்காரரு."

தம்பியின் பெயர் அதில் 'கம்பம் காளை'. அண்ணன் தனக்குப் 'பெரிய வாய்க்கால்' என்று வைத்துக்கொண்டார். மறைக்கிற எண்ணமில்லை. விளையாட்டின் ஊருக்குள் இவர் எதிரே வந்தால் காளை மறைந்துவிடும். எழுதி அனுப்பினால் போய்ச் சேராது. தம்பி இவர் பேச்சை அடைத்துவைத்திருந்தார்.

"ஒரு வழி இருக்கு," என்றான் ஏசுதாசன். "தீவுல அடிச்சவனும் அடிபட்டவனும் கொஞ்ச நேரம் பேசிக்கிரலாம். அத அடைக்க முடியாது. ஒருத்தர ஒருத்தர் வையிறதுக்குன்னே வச்சிருக்கான்."

அன்றிலிருந்து அண்ணன் சாயந்தரம் சாயந்தரம் தீவுக்குப் போனார். போகும்முன் வாள், கவசம் எல்லாவற்றையும் ஊரில் இருந்த பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அங்கேயும் அதே பழக்கம்தான். வெறும் மண்வெட்டியோடு போய்த் தோண்டுவார். காளையும் கூட்டாளிகளும் அவரைத் தாண்டிப் போவார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"ஒங்கள அடிக்கக்கூட ஆளு இல்லியே சேட்டா," என்று ஏசுதாசன் சிரிப்பான்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. எனக்கும் அந்தத் தீவின்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. யார் யாரை அடிக்கிறார்கள் என்று நாற்காலியில் இருந்தபடியே பார்ப்பேன். மின்னுகிற கவசத்தோடு வருகிறவனைத்தான் துரத்துகிறார்கள். ஒரு நாள் அவர் சாவியை எடுத்துக்கொள்ள மேசைக்கு வந்தபோது வாய்விட்டுச் சொன்னேன். "அண்ணே, ஒண்ணுமில்லாமப் போனா யாருண்ணே நிப்பாக?"

அவர் என்னையே பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்தவர் மேசைப் பக்கம் வரவில்லை. பீடிக்கட்டு பையிலேயே புடைத்துக்கொண்டிருக்க நேராக உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து, புதையலில் எடுத்து ஒரு வருடமாகச் சேர்த்த அத்தனையையும் மாட்டிக்கொண்டார். தங்க வாள், சிவப்புக் கவசம், தோளில் ஒரு கழுகு. நான் எழுந்து போய்ப் பின்னால் நின்றேன்.

தீவில் இறங்கித் தோண்டத் தொடங்கியதுமே காளை வந்துவிட்டது. தனியாகத்தான் வந்தது. பெயரைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் நின்றது. பிறகு வெட்டியது. அண்ணன் வாளைத் தூக்கவே இல்லை. கழுகு வரை எல்லாம் போய்விட்டது. கீழே ஒரு சின்னக் கட்டம் திறந்தது.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். அண்ணன் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தப்பக்கமிருந்து வந்தது.

"எதுக்கு இம்புட்டையும் தூக்கிட்டு வந்த?"

"நீ எடுத்துக்கிருவன்னுதான்."

"எம் மொறையில மோட்டாரு போட்டீல்ல?"

"போட்டேன். தப்பு."

கட்டம் மூடிவிடுமோ என்று நான் திரைக்குக் கிட்டே குனிந்தேன்.

"ஒரு மொறைக்கு ஒரு மொறை. கணக்குக் கழிஞ்சுச்சு," என்று வந்தது. அதன் கீழே இன்னொன்று. "ஆத்துல தண்ணி தொறந்துட்டாகளா?"

"தொறந்துட்டாக. போன எடு."

கட்டம் மூடிக்கொண்டது. அண்ணன் பையில் இருந்த செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கடை வாசலில் நின்றபடி பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம்.

பிறகு விஷயம் தெரிந்து ஏசுதாசன் கேட்டான். "சாமானத் திருப்பிக் குடுத்தானா?"

"குடுத்தாலும் வாங்க மாட்டேன்ப்பா."

இப்போது 2010. முத்துக்கருப்பன் திருப்பூரில்தான் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறார். தங்க வாள் அவரிடமே இருக்கிறது. அவருடைய கொடிக்கு அவருடைய முறை நாளில் அண்ணன் தண்ணீர் பாய்ச்சுகிறார். மோட்டார் அறைக்கு இரண்டு சாவி செய்திருக்கிறார்கள். ஒன்று திருப்பூரில் இருக்கிறது.