கருக்கச் சொன்னவர்

மேற்குத் தாம்பரத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். நாற்பது வருஷத்தில் என் கையில் ஒரு துணி கருகியதில்லை. பக்கத்து மைதானத்தில் பாஸ்கெட்பால் ஆடுகிற நெட்டையான தம்பி ஒருவர் என்னிடம்தான் துணி போடுவார். பேசும்போதுகூடப் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். அன்று பந்து இல்லாமல், புதுப் பனியன் ஒன்றோடு வந்தார். கோப்பை கோப்பையாக ஜெயித்த பெரிய டீம் அவரைக் கேட்டு வாங்கியிருந்தது; பனியன் அவர்கள் கொடுத்தது.

“ஆயா, இத்த கருக்கிடு. நாளைக்கு இத்த போட்டுகினு போட்டோ எடுக்கணும். ஒரு நாளாச்சும் தள்ளிப் போவும்.”

“இன்னா பேச்சு கண்ணு இது? எம்மாம் பெரிய டீமு!”

“அங்க பெஞ்சுல குந்தணும், ஆயா. இங்க நான் எறங்கலன்னா ஆட்டமே இல்ல.”

“அப்போ வர்லன்னு சொல்லேன்.”

“அப்பா தெரு பூரா ஸ்வீட் குட்த்துட்டாரே.”

அவருக்காகக்கூட என் கை அதைச் செய்யவில்லை. ஈரத்துணி போட்டுப் பதமாகத் தேய்த்தேன். தப்பித்தவறிக் கருகாதா என்று அவர் இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடித்துக் கொடுத்ததும், “சூப்பரா கீது, ஆயா” என்று வாங்கிக்கொண்டார்.

அவ்வளவு உயரமான மனுஷன், அப்பாவிடம் சொல்ல முடியாததை என் பெட்டி சொல்லட்டும் என்று வந்து நின்றாரே, பாவம்.